பழைய ஈய லம்பத்தின் (சுரங்கத்தின்) மேல் கோல்ஃப் திடல்: ஒரே ஃபேர்வேயில் ஒரு பக்கம் காய்கிறது, ஒரு பக்கம் உள்வாங்குகிறது

கிந்தாக்கரை:

வணக்கம். மலேசியாவில், பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு கோல்ஃப் திடலில் பராமரிப்புப் பிரிவில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாமே. அதற்கு முன் ஆறு வருடம் செம்பனைத் தோட்டத்தில் இருந்தேன், மண், உரம், தண்ணீர் எல்லாம் ஓரளவு தெரியும் என்று நம்பித்தான் இங்கே வந்தேன். இந்த மண் எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

இடம் முழுக்க முன்பு ஈய லம்பம். என் தாத்தா இந்தப் பக்கம் ஈயக் கப்பலில், அதாவது மிதந்தபடியே மண்ணை அள்ளி ஈயம் பிரிக்கும் இயந்திரத்தில், வேலை பார்த்தவர். லம்பங்கள் மூடிய பிறகு வருடக்கணக்கில் சும்மா கிடந்த குளங்களில் தூண்டில் போட்ட கதையெல்லாம் அப்பா சொல்வார். இப்போது அதே மாதிரிக் குளங்களைச் சுற்றித்தான் எங்கள் பதினெட்டு ஹோலும், அதாவது பதினெட்டு ஆட்டப் பாதையும், ஓடுகிறது.

பிரச்சினை 7ஆவது ஃபேர்வேயில், அதாவது அந்த ஹோலின் நீளமான புல்தரையில். பந்தை முதலில் அடிக்கும் டீ பக்கம் மூன்று நாள் மழை இல்லை என்றால் புல் சாம்பல் நிறமாகிவிடுகிறது. நூறு அடி தள்ளி, தாழ்வான பகுதியில், தண்ணீர் வடிவதே இல்லை. மழைக்காலத்தில் அந்த இடம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கிவிடுகிறது. போன மாதம் புல் வெட்டும் இயந்திரத்தின் பின்சக்கரம் புதைந்து கயிறு கட்டி இழுத்தோம். மண் கொட்டி நிரப்பினோம், மறுபடியும் இறங்கிவிட்டது.

அப்புறம் மீன். வேலை முடிந்து பையன்கள் குளத்தில் திலாப்பியா பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். லம்பத்து மீன் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதில் உண்மை இருக்கிறதா?

கடைசியாக ஒன்று. எல்லையோரம் இடிந்த கொட்டகை ஒன்றின் பக்கத்தில் கருப்பு மணல் ஒரு குவியல் கிடக்கிறது, கையில் அள்ளினால் சாதாரண மணலைவிட நல்ல கனம். பார்க்க அழகாக இருக்கிறது, பங்கரில், அதாவது திடலின் மணல் பள்ளத்தில், போடலாமா என்று மேலாளர் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

பச்சைக்கம்பளம்:

தம்பி, முதலில் அந்தக் கருப்பு மணலைத் தொட வேண்டாம், மேலாளரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏன் என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் தரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 26 வருடம் திடல் வேலை, அதில் பதினொரு வருடம் லம்பத்து நிலத்தில்தான்.

பம்பு லம்பத்தில் எப்படி வேலை நடந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் 7ஆவது ஃபேர்வே புரிந்துவிடும். குழியின் சுவரில் குழாய் வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். அந்தக் கூழைப் பம்பு போட்டு மேலே பாலோங்குக்கு ஏற்றுவார்கள். பாலோங் என்பது சரிவாகக் கட்டிய நீளமான மரத் தொட்டி, உள்ளே குறுக்குக் கட்டைகள் இருக்கும். ஈயக் கல் மணலைப்போல் இரண்டரை மடங்கு கனம், அது கட்டையில் தங்கிவிடும், மற்றதெல்லாம் தண்ணீரோடு ஓடிவிடும். அப்படி ஓடியதில் பருமணல் பாலோங் வாய்க்குப் பக்கத்திலேயே விழுந்து மேடாகிவிடும். மாவு மாதிரியான களிமண் மிதந்து போய், தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே மெதுவாகப் படியும். அதைத்தான் ஸ்லைம் என்கிறோம். உங்கள் டீ அந்த மணல்மேட்டில் இருக்கிறது, தாழ்வான பகுதி ஸ்லைம் படிந்த இடத்தில் இருக்கிறது. இயந்திரம் புதைந்ததிலிருந்தே எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

ஸ்லைம் மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும், ஆள் நடந்தால் தாங்கும், உள்ளே எத்தனை வருடமானாலும் கஞ்சிதான். அதன் மேல் மண் கொட்டினால் பாரம் கூடுகிறது, கஞ்சி பிதுங்கிப் பக்கவாட்டில் போகிறது, தரை இன்னும் இறங்குகிறது. நீங்கள் நிரப்பியும் நிற்காததற்குக் காரணம் இதுதான், நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

செய்ய வேண்டியது: அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்று எடுத்துக்கொண்டு பத்தடிக்கு ஒரு இடத்தில் குத்திப் பாருங்கள். மணலில் கம்பி நரநரவென்று உரசி நின்றுவிடும், ஸ்லைமில் சத்தமே இல்லாமல் கை பாரத்துக்கே இறங்கும். எந்த இடத்தில் எத்தனை அடி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டு நாள் வேலைதான், ஆனால் இந்த வரைபடம் இல்லாமல் அந்த ஃபேர்வேயில் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கக் கூடாது. பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) பழைய ஆட்கள் யாராவது இருந்தால் பாலோங் எங்கே நின்றது என்று கேளுங்கள், அது கம்பியைவிட நல்ல வழிகாட்டி.

ஸ்லைம் நாலைந்து அடிக்குள் முடிந்தால் தோண்டி எடுத்துவிட்டு மணல் போடலாம். அதற்கு மேல் என்றால் மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன் மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். ரொம்ப ஆழம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். நாங்கள் ஒரு ஹோலில் மூன்று வருடம் பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் ஃபேர்வேயை இடது பக்கம் திருப்பினோம், பள்ளத்தை நாணல் வளரும் சதுப்பாக விட்டோம். இப்போது அங்கே கொக்கு வருகிறது, ஆட்டக்காரர்களுக்கும் பிடித்திருக்கிறது.

மணல் பக்கத்துக்கு வருகிறேன். அதில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் மணல்தான், சத்தையும் பிடிக்காது, தண்ணீரையும் பிடிக்காது. செம்பனைக்குப் போடுவது மாதிரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரத்தைக் கொட்டினால் முதல் மழையிலேயே குளத்துக்குப் போய்விடும், குளம் பச்சையாகும், புல் மஞ்சளாகவே இருக்கும். குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். மக்கிய செம்பனை வெறுங்குலை (பழம் எடுத்த பிறகு மிஞ்சும் குலை) கிடைத்தால் பொடியாக்கி மெல்லிசாகத் தூவுங்கள், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஒரே தடவையில் அரை மணி நேரம் விடுவதைவிடப் பத்து நிமிடமாக இரண்டு தடவை விடுவது மேல். சில இடத்தில் தண்ணீர் விட்டும் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கும், கவனித்திருப்பீர்கள். மக்கும் புல்லிலிருந்து வரும் மெழுகு போன்ற பொருள் மணல் துகளில் ஒட்டிக்கொள்வதால் வருவது அது, ஈரமூட்டும் மருந்து அடித்தால் சரியாகும்.

இந்த மணலைச் சாபமாக நினைக்காதீர்கள். கோல்ஃப் வளர்ந்ததே ஸ்காட்லாந்தில் விவசாயத்துக்கு ஆகாத கடற்கரை மணல்மேட்டில்தான். புதிதாக ஒரு கிரீன் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) கட்டுகிறவர்கள் 12 அங்குல மணல் படுகைக்காகக் காசு கொடுத்து மணல் வாங்குகிறார்கள். உங்களுக்கு அது காலடியிலேயே கிடக்கிறது.

சோதனைக்குழாய்:

நான் தண்ணீர், மண் மாதிரிகள் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கருப்பு மணலுக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் கனத்தையும் நிறத்தையும் பார்த்தால் அது பெரும்பாலும் அமாங். ஈயத்தைப் பிரித்த பிறகு அதோடு தங்கிவிடும் மற்ற கனமான தாதுக்களின் கலவைக்குத்தான் அந்தப் பெயர். இல்மனைட், சிர்கான், மோனசைட், செனோடைம் எல்லாம் அதில் இருக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கம் உள்ளது. பக்கத்தில் ஒரு நாள் நின்றதால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதீர்கள். ஆனால் பங்கர் என்பது ஆட்கள் மணலை வாரி அடிக்கும் இடம், தினமும் வாரியால் இழுத்துச் சமப்படுத்துகிறவர் உங்கள் வேலைப் பையன்தான், காய்ந்த தூசி அவர் மூக்குக்குத்தான் போகும். அந்த இடிந்த கொட்டகை ஒரு காலத்தில் அமாங் பிரித்த இடமாக இருந்திருக்கலாம். மலேசியாவில் அமாங் ஆலைகளே அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் வருபவை. எனவே குவியலைக் கிளறாமல், சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டு, அளவுக் கருவியோடு வந்து பார்க்கச் சொல்லி மேலாளர் அதிகாரிகளுக்கு எழுத வேண்டும். யாரும் வீட்டுப் பூச்சு வேலைக்கு ஒரு வாளிகூட எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் எனக்கு அதிகக் கவலை.

மீன் விஷயத்தில் உங்கள் அம்மா பக்கம்தான் நான், ஆனால் கொஞ்சம் விளக்கத்தோடு. ஈயம் என்றதும் பலர் காரீயத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். இங்கே தோண்டியது வெள்ளீயம், நம் பாட்டிகள் ரசம் வைத்த ஈயச் சொம்பு எதனால் செய்ததோ அது. அந்த உலோகத்தால் பெரிய ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியது அதோடு கூடவே பாறையில் வந்த ஆர்செனிக் மாதிரியானவை, அது ஒவ்வொரு குளத்துக்கும் மாறும். ஒரு குளத்தில் நன்றாக இருக்கும், நூறு மீட்டர் தள்ளி வேறு மாதிரி இருக்கும். பழைய லம்பக் குளங்களில் மீன் வளர்த்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே எல்லாக் குளமும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். உங்கள் குளம் அதோடு கோல்ஃப் திடல் குளமும்கூட. புல்லுக்கு அடிக்கும் பூச்சி மருந்து, பூஞ்சை மருந்து எல்லாம் வடிந்து சேரும் இடம் அதுதான். என்னைக் கேட்டால் லம்பத்தைவிட அதற்குத்தான் முதலில் பயப்படுவேன். தண்ணீர், அடிச்சேறு, மீனின் சதை மூன்றையும் பரிசோதித்து முடிவு வரும் வரை யாரும் சாப்பிட வேண்டாம்.

தூரதேசத்தான்:

நான் ஃபுளோரிடாவில் தம்பாவுக்குக் கிழக்கே இருக்கிறேன். இங்கே தோண்டுவது பாஸ்பேட், அதாவது உங்கள் புல்லுக்கும் எங்கள் புல்லுக்கும் போகும் உரத்தின் மூலப்பொருள். இந்தப் பகுதிக்கு எலும்புப் பள்ளத்தாக்கு என்றே பெயர், பாஸ்பேட் படுகையில் சுறாப் பல்லும் பழைய விலங்குகளின் எலும்பும் அவ்வளவு கிடைக்கும். 1975 ஜூலைக்குப் பிறகு தோண்டிய நிலத்தை நிறுவனமே சீரமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதற்கு முன் தோண்டியதெல்லாம் அப்படியே மேடும் குளமுமாகக் கிடந்தது. அந்த மாதிரி மணல்மேடுகளின் மேல்தான் மொசைக் என்ற பாஸ்பேட் நிறுவனம் ஸ்ட்ரீம்சாங் கோல்ஃப் விடுதியைக் கட்டியது. முதல் இரண்டு திடலில் சிவப்பு என்று பெயர் வைத்ததை பில் கூர், பென் கிரென்ஷா இருவரும், நீலம் என்றதை டாம் டோக்கும் வடிவமைத்தார்கள், 2017இல் கில் ஹான்ஸின் கருப்புத் திடல் வந்தது. போய்ப் பார்த்தால் ஃபுளோரிடா என்றே நம்ப முடியாது, இந்தத் தட்டையான ஊரில் எங்கிருந்து வந்தது இவ்வளவு பெரிய குன்று என்று தோன்றும். ராட்சத இயந்திரம் வாரிக் கொட்டிய மணலில் ஐம்பது வருடமாகக் காற்றும் மழையும் செய்த வேலை அது.

இங்கேயும் உங்கள் ஸ்லைமுக்கு அண்ணன் உண்டு. பாஸ்பேட்டைக் கழுவும்போது வரும் களிமண்ணைக் கரை கட்டித் தேக்கிய குளங்கள் பெரும் பரப்பில் இருக்கின்றன, பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் உள்ளே இளகலாகவே இருக்கும். திடல் கட்டியது மணலின் மேல்தான். பச்சைக்கம்பளம் ஐயா சொல்வது சரி, ஃபேர்வேயைத் திருப்புங்கள்.

நேர்மாறான உதாரணமும் ஒன்று இருக்கிறது. மொன்டானாவில் அனகொண்டா என்ற ஊரில் செம்பு உருக்காலை இருந்த இடத்தில் கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த ஓல்டு வொர்க்ஸ் திடல் 1997இல் திறந்தது. அந்த நிலத்தில் ஆர்செனிக் கலந்திருந்தது, அமெரிக்க அரசின் நச்சுக்கழிவு இடங்களின் பட்டியலிலேயே இருந்த ஊர் அது. அங்கே மணலே கிடைத்தது என்று சந்தோஷப்பட முடியாது, கழிவை மண்போட்டு மூடி முத்திரை வைக்க வேண்டியிருந்தது. அந்த மூடிக்கு மேல் வளர்ந்த புல்தான் திடல். பங்கரில் கருப்பாக இருப்பது உலைக் கசடு, உங்கள் மேலாளர் அதன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாரோ என்னவோ. கசடும் அமாங்கும் ஒன்றல்ல என்று அவரிடம் சொல்லுங்கள்.

தங்கவயல்:

இந்த இழையைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் தாத்தா பாட்டி வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள், அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் ஊரில் பாதிக்கு மேல். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் காலத்துக் கோல்ஃப் மைதானம் எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் அது துரைமார்கள் ஆடுவதற்காகச் சும்மா இருந்த நிலத்தில் போட்டது. தோண்டிய கழிவு இருக்கும் இடம் வேறு. அதை நாங்கள் சயனைடு மேடு என்கிறோம். ஊரைச் சுற்றி வெளிறிய குன்றுகளாக நிற்கிறது, புதிதாக வருகிறவர்கள் மலை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள்.

உங்கள் லம்பத்தில் தண்ணீரும் கனமும் மட்டும் வேலை செய்தன, கழிவு மணலாகவே இருந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. மூவாயிரம் மீட்டருக்கும் ஆழத்திலிருந்து கொண்டுவந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சம் முழுக்க மாவு. கோடைக்காற்றில் அது எழும்பி வீட்டுக்குள் வரும், காயப்போட்ட துணியில் படியும், அம்மா சோற்றுப் பானையைத் துணி போட்டுக் கட்டி வைப்பார். மழை பெய்தால் அதே மாவு ஓடையில் இறங்கி வயலுக்குப் போகும். அனகொண்டாவில் மூடி போட்டு முத்திரை வைத்தார்கள் என்று படிக்கும்போது வயிறு எரிகிறது, அங்கே செலவழிக்க ஒரு நிறுவனம் பொறுப்பாக நின்றது. எங்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாக அந்த மேட்டில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கலாமா என்ற பேச்சுதான் திரும்பத் திரும்ப வருகிறது, தூசிக்கு முதலில் ஒரு போர்வை போடுங்கள் என்றால் கேட்க ஆளில்லை. கோல்ஃப் திடல் கேட்கவில்லை, புல் முளைத்தால் போதும்.

லாருட் மாத்தாங்:

எல்லாரும் புல்லைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒருவராவது கரையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈயக் கவுன்சில் கையில் பணமில்லாமல் நின்று, விலை சரிந்து, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. பம்புகளை நிறுத்தியதும் குழிகளில் தண்ணீர் ஏறியது. அந்தக் குளங்களின் கரை ஆற்றங்கரை மாதிரிச் சரிவாக இருக்காது, இரண்டடி வைத்தால் மூன்றாவது அடியில் தரையே இல்லை. என் மாமா மகன் பள்ளி விடுமுறையில் அப்படித்தான் போனான், பதினோரு வயது. அவனோடு குளிக்க இறங்கிய இரண்டு பேர் கரையேறினார்கள்.

ஆகவே கிந்தாக்கரை தம்பி, உங்கள் குளங்களின் கரையை எங்கெல்லாம் வெட்டிச் சரிவாக்க முடியுமோ அங்கெல்லாம் சரிவாக்கச் சொல்லுங்கள், மிதவை வளையமும் கயிறும் ஒவ்வொரு குளத்துக்கும் வையுங்கள். தொலைந்த பந்தை எடுக்கப் பையன்களைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். நான் பேராக்கில் தைப்பிங்கில் வளர்ந்தவன். எங்கள் ஏரிப் பூங்காவும் ஈயம் தோண்டிய குழிகள்தான். 1880களிலேயே அதைப் பூங்காவாக்கிவிட்டார்கள், இன்றும் காலையில் யார் வேண்டுமானாலும் போய் அந்த மழைமரங்களுக்குக் கீழே நடக்கலாம். கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுங்கை பீசி பக்கம் ஹோங் ஃபாட் லம்பம் இருந்த இடத்தில் மைன்ஸ் கோல்ஃப் திடல் வந்தது, 1999இல் டைகர் வுட்ஸ் அங்கே வந்து மார்க் ஓமேராவோடு உலகக் கோப்பை வாங்கினார், நாடே பெருமைப்பட்டது, நானும்தான். ஆனால் சுற்றி இருக்கும் ஊர்க்காரர் அந்தப் புல்லில் கால் வைக்க முடியாது. தோண்டும்போது ஆறு சேறானதையும் வெள்ளம் வந்ததையும் தாங்கியது எல்லாரும்தானே. திடல் கட்டட்டும், குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதையாவது ஊருக்கு விடட்டும்.

பச்சைக்கம்பளம்:

லாருட் அண்ணே, கோபம் ஏன் வரப்போகிறது. நாங்கள் கொக்கு வரும் அந்தச் சதுப்பின் வெளிப்பக்கக் கரையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டோம், வாரம் ஒரு நாள்தான், அதற்கே நிர்வாகத்தோடு ஒரு வருடம் பேச வேண்டியிருந்தது. முடியாத காரியம் இல்லை.

கிந்தாக்கரை:

எல்லாருக்கும் நன்றி, பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

கருப்பு மணல் விஷயத்தை மேலாளரிடம் அன்றைக்கே சொன்னேன். சோதனைக்குழாய் எழுதியதைக் கைப்பேசியில் காட்டியதும் அவரே கயிறு கட்டச் சொல்லிக் கடிதமும் எழுதிவிட்டார், வந்து பார்ப்பார்கள். தண்ணீரும் சேறும் மீனும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. பையன்கள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், கொஞ்சம் முணுமுணுப்புதான். மிதவை வளையம் நாலு வாங்கியாயிற்று. பந்து எடுக்கத் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று நானே பலகை எழுதி மாட்டினேன்.

கம்பத்தில் ஒரு சீனப் பெரியவர் கிடைத்தார், எண்பதைத் தாண்டியவர், இளம் வயதில் இதே லம்பத்தில் பம்பு பார்த்தவராம். பகியில் (திடல் வண்டியில்) உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். 7ஆவது டீயில் இறங்கி ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாலோங் நின்ற இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார். காட்டிய இடத்தில் கம்பி ஒன்றரை அடியில் நின்றது. தாழ்வான பகுதியில் பதினான்கு அடிக் கம்பி முழுக்க இறங்கியும் அடி தட்டவில்லை. பச்சைக்கம்பளம் ஐயா, அகலம் சுமார் நாற்பது அடி, நீளம் நூறுக்குக் கொஞ்சம் மேல். திருப்புவதுதானா?

பச்சைக்கம்பளம்:

பதினான்கிலும் தட்டவில்லை என்றால் திருப்புங்கள் தம்பி. அந்தப் பெரியவரை மறுபடி கூட்டிப்போய் மற்ற ஹோல்களையும் காட்டச் சொல்லுங்கள், ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.